புழுக்க நாளுக்குத் துணி எடுக்கும்போது நான் பார்ப்பவை

புழுக்கமான நாளில் எதை உடுத்துவது என்று யார் கேட்டாலும் "பருத்தி" என்ற ஒரே சொல்லைத்தான் நான் நெடுங்காலம் பதிலாகச் சொல்லி வந்தேன். அந்தப் பதில் தவறில்லை. ஆனால் அது பாதிப் பதில்தான் என்பது, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்க நேர்ந்தபோது எனக்கு விளங்கியது. வானம் மூடிக்கிடந்தது, மழை இதோ வருகிறது என்று போக்குக் காட்டிவிட்டு வராமலே நின்றது, ஓர் இலைகூட அசையவில்லை. நான் அணிந்திருந்தது புதிதாக வாங்கிய, நூற்றுக்கு நூறு பருத்திச் சட்டை. முற்பகல் பதினொரு மணிக்குள் அது முதுகோடு ஒட்டிக்கொண்டது. காலர் நனைந்து கழுத்தை அறுத்தது. மாலையில் கழற்றியபோது அக்குளின் ஓரத்தில் தோல் சிவந்து எரிந்தது. என் பக்கத்தில் நின்றவர் அணிந்திருந்ததும் பருத்திச் சட்டைதான். அவருக்கும் வியர்த்தது. ஆனால் அவருடைய சட்டை உடம்பை விட்டு விலகியே நின்றது. நனைந்த இடமும் சற்று நேரத்தில் காய்ந்துவிட்டது. அவரிடம் கேட்டுக்கொண்டு சட்டைக் கையின் நுனியை இரண்டு விரல்களுக்கு இடையே பிடித்துப் பார்த்தேன். மெல்லிய, சற்றே மொடமொடப்பான துணி; வெளிச்சத்தில் நூல்களுக்கு நடுவே பொடிப்பொடியாகக் கட்டங்கள் தெரிந்தன. என்னுடையதோ தடித்து, நூல்கள் நெருக்கியடித்து, விரலுக்கு அட்டைபோல் இருந்தது. அன்றிலிருந்து துணி எடுக்கும்போது அது எந்த இழை என்பதை இரண்டாவதாகத்தான் பார்க்கிறேன். எப்படி நெய்யப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பார்க்கிறேன்.

இதற்கான காரணம் வியர்வை செய்கிற வேலையில் இருக்கிறது. வியர்வை வழிவதால் உடல் குளிர்வதில்லை; அது ஆவியாகிப் போனால்தான் குளிர்கிறது. ஒரு லிட்டர் வியர்வை தோலிலிருந்து முழுமையாக ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்கிறது. அதே அளவு தண்ணீரைப் பனிக்கட்டி உருகும் நிலையிலிருந்து கொதிநிலை வரை சூடாக்கத் தேவைப்படும் வெப்பத்தைப்போல் இது ஐந்து மடங்குக்கும் அதிகம். நெற்றியிலிருந்து சொட்டித் தரையில் விழும் துளி இந்த வேலை எதையும் செய்யாமலே வீணாகிறது. புழுக்கத்தில் பெரும்பகுதி வியர்வை அப்படித்தான் போகிறது.

காற்று ஏன் அதை வாங்கிக்கொள்ள மறுக்கிறது என்பதை ஒரு சிறு கணக்கால் காட்டிவிடலாம். நனைந்த தோல் 35 டிகிரியில் இருந்தால், அதை ஒட்டிய காற்றில் கன மீட்டருக்குச் சுமார் 40 கிராம் நீராவி இருக்கும். வெளியே 40 டிகிரி வெயில், ஈரப்பதம் 20 சதவீதம் என்றால், வெளிக்காற்றில் இருப்பது சுமார் 10 கிராம்தான். வித்தியாசம் 30 கிராம். வெளியே 30 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 85 சதவீதம் என்றால், வெளிக்காற்றில் ஏற்கெனவே 26 கிராம் இருக்கிறது. வித்தியாசம் 14 கிராமாகச் சுருங்கிவிடுகிறது. வெப்பமானி பத்து டிகிரி குறைத்துக் காட்டினாலும் வியர்வையை இழுத்துச் செல்லும் விசை பாதியாகிவிட்டது. வறண்ட வெயிலில் சுகமாக இருந்த உடை புழுக்கத்தில் வதைப்பதற்கு இதுவே காரணம். இருக்கிற அந்தப் பாதி விசையையும் துணி தடுக்காமல் இருக்க வேண்டும். தோலுக்கும் துணிக்கும் நடுவே தேங்கும் ஈரக்காற்று வெளியேறி அந்த இடத்துக்குப் புதுக்காற்று வர வேண்டும். புழுக்கத்துக்கான உடையிடம் நான் முதலில் எதிர்பார்ப்பது இதைத்தான்.

"நன்றாக வியர்வையை உறிஞ்சும்" என்று ஒரு துணியைப் பாராட்டுவது நமக்குப் பழகிப்போன பேச்சு. உறிஞ்சுவது நல்லதுதான், உறிஞ்சியதை வெளியே விடாமல் வைத்துக்கொள்வதுதான் சிக்கல். தடித்த பருத்தி, வியர்வையைக் குடித்துக்கொண்டே போகிறது; நூல்களுக்கு நடுவே இருந்த காற்றுவழிகளில் தண்ணீர் நிறைந்து அவை அடைபடுகின்றன; கனம் கூடிய துணி தோலில் படிந்துகொள்கிறது. அதன் பிறகு ஆவியாதல் நடந்தாலும் துணியின் வெளிப்பக்கத்தில்தான் நடக்கிறது. அதற்கு வேண்டிய வெப்பத்தில் ஒரு பங்கு உடம்பிலிருந்து வராமல் சுற்றியுள்ள காற்றிலிருந்து வந்துவிடுவதால், சட்டைதான் குளிர்கிறதே தவிர உடம்புக்கு அந்தப் பலன் முழுதாகக் கிடைப்பதில்லை.

ஆகவே நான் முதலில் பார்ப்பது எடை. துணியின் எடையை ஜிஎஸ்எம் என்று குறிப்பிடுவார்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் இருக்கிறது என்பதே அதன் பொருள். வாயில் (voile) என்ற துணிவகையைப் போன்ற மெல்லிய துணி 60 முதல் 80 வரை இருக்கும். சாதாரணச் சட்டைத் துணி 100 முதல் 130 வரை இருக்கும். கடைகளில் கிடைக்கும் பல டி-ஷர்ட்டுகள் 180-ஐ ஒட்டி இருக்கும். ஜீன்ஸுக்குப் பயன்படும் 12 அவுன்ஸ் டெனிம் 400-ஐத் தாண்டும். புழுக்கத்துக்கு மேலாடை என்றால் 120-க்குள் இருப்பதையே நான் எடுக்கிறேன். கால்சட்டைக்கு 170 வரை விட்டுக்கொடுக்கிறேன். துணியில் இந்த எண்ணை எழுதியிருக்க மாட்டார்கள் என்றால், தைத்து மிச்சமான துண்டில் பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை வெட்டி, நுண்ணிய தராசில் வைத்து, வரும் கிராமை நூறால் பெருக்கினால் போதும். துண்டு கிடைக்காதவர்கள் ஒரே அளவுள்ள இரண்டு சட்டைகளைச் சமையலறைத் தராசில் வைத்தாலே வேறுபாடு தெரிந்துவிடும். என்னை வதைத்த அந்தச் சட்டை 310 கிராம் இருந்தது. இப்போது நான் அதிகம் அணியும் சட்டை, அதே அளவுதான், 165 கிராம் இருக்கிறது.

அடுத்தது நெசவு. கடையில் யாரும் தடுக்காத மூன்று சோதனைகளை நான் வழக்கமாகச் செய்கிறேன். துணியை ஒற்றை மடிப்பாக விரித்து விளக்குக்கு எதிரே பிடிக்கிறேன். வெளிச்சம் ஊசிமுனைகளாகத் தெரிந்தால் காற்றும் அந்த வழியே போகும் என்று அர்த்தம். பிறகு துணியை உதட்டுக்கு அருகே இறுக்கிப் பிடித்து ஊதுகிறேன். மறுபக்கம் வைத்த உள்ளங்கையில் மூச்சு தடையின்றிப் பட வேண்டும், கன்னம் உப்பும் அளவுக்கு ஊத வேண்டியிருந்தால் அந்தத் துணி எனக்கு வேண்டாம். கடைசியாக ஒரு முனையைக் கைக்குள் கசக்கி விடுகிறேன். சுருக்கம் விழுவது பற்றிக் கவலையில்லை. துணி தன் விறைப்போடு மீண்டு எழுகிறதா, அல்லது தொய்ந்து கையிலேயே ஒட்டிக் கிடக்கிறதா என்பதைத்தான் கவனிக்கிறேன். தொய்ந்து விழும் துணி பார்வைக்கு அழகாக வழியும். வியர்த்த முதுகிலும் அப்படியே வழிந்து ஒட்டிக்கொள்ளும். இந்த ஒரு குணத்தை நம்மில் பலர் கவனிப்பதே இல்லை என்பது என் வருத்தம். கைக்கு மென்மையாக இருப்பதே உடம்புக்கும் இதமாக இருக்கும் என்று எண்ணிக் கொழகொழப்பான துணியை எடுத்துவிடுகிறோம்.

ஒட்டாமல் இருப்பதற்கு விறைப்பைப் போலவே மேடுபள்ளமும் உதவும். வழவழப்பான துணி தோலை முழுப்பரப்பிலும் தொடுகிறது. சொரசொரப்பான துணி ஆங்காங்கே மட்டும் தொட்டுவிட்டு இடையில் காற்றுக்கு இடம் விடுகிறது. சீர்சக்கர் என்ற துணியின் சிறப்பே அதுதான். பாவு நூல்களில், அதாவது நீளவாக்கில் ஓடும் நூல்களில், சில வரிசைகளை இறுக்கமாகவும் சில வரிசைகளைத் தளர்வாகவும் விட்டு நெய்வதால், வழவழப்பான கோடும் சுருங்கிய கோடும் மாறிமாறி வரும். அந்தப் பெயர் பாலும் சர்க்கரையும் என்று பொருள்படும் பாரசீகச் சொற்றொடரிலிருந்து வந்தது என்பதை அறிந்தபோது, துணியைத் தொட்டுப் பார்த்து வைத்த பெயர் என்று மகிழ்ந்தேன். வாஃபிள் எனப்படும் கட்டக்குழி நெசவும் கிரேப் துணியும் இதே வேலையைத் தம் வழியில் செய்கின்றன. பின்னல் துணியில் வரும் டி-ஷர்ட் இந்த விஷயத்தில் பின்தங்குகிறது. அது நீண்டு கொடுத்து உடம்பின் வளைவெல்லாம் படிகிறது. நனைந்ததும் இரண்டாவது தோல்போல் ஆகிவிடுகிறது. வீட்டில் மின்விசிறிக்குக் கீழே அதை அணிவதில் எனக்கு மறுப்பில்லை. வெளியே நீண்ட நேரம் நடக்க வேண்டிய நாளில் நெய்த துணிச் சட்டையையே எடுக்கிறேன்.

இழைக்கு இப்போது வரலாம். லினனை நான் முதலிடத்தில் வைக்கிறேன். லினன் செய்யப்படும் ஆளி இழை இயல்பிலேயே விறைப்பானது. நூல் ஒரே சீராக இல்லாமல் ஆங்காங்கே தடித்திருப்பதால் நெசவில் இடைவெளி விழுகிறது. ஈரத்தை விரைவாக வாங்கி விரைவாகவே விடுகிறது. கசங்கும், அதைத் தடுக்க முடியாது. கசங்கலைத் தவிர்க்கவென்று லினனோடு பாலியஸ்டரை அதிகம் கலந்து விற்கும் துணிகளை நான் தவிர்க்கிறேன். மெல்லிய பருத்தி அடுத்த இடத்தில் வருகிறது. நனைந்தால் வலுக்குறையாமல் இன்னும் வலுவாவது அதன் நல்ல குணம், ஆகவே அடிக்கடி துவைப்பதைத் தாங்குகிறது. மரக்கூழிலிருந்து செய்யப்படும் விஸ்கோஸ், அதாவது ரேயான், தொட்டவுடன் குளுமையாக இருக்கும்; ஆனால் தொய்ந்து ஒட்டும், நனைந்த நிலையில் வலுவில் பாதியளவை இழந்துவிடும், முறுக்கிப் பிழிந்தால் வடிவம் போய்விடும். மூங்கில் துணி என்று விற்கப்படுவதில் பெரும்பாலானது மூங்கில் கூழிலிருந்து செய்த விஸ்கோஸ்தான் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. அதே மரக்கூழ் குடும்பத்தைச் சேர்ந்த லயோசெல் நனைந்தாலும் ஓரளவு வலுவோடு இருக்கிறது. மெல்லியதாக நெய்தது கிடைத்தால் வாங்கலாம்.

பாலியஸ்டரைப் பற்றி நியாயமாகவே பேச வேண்டும். 65 சதவீத ஈரப்பதமுள்ள அறையில் நூறு கிராம் உலர்ந்த பருத்தி ஏறத்தாழ 8 கிராம் ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொள்ளும். பாலியஸ்டர் அரை கிராம்கூட வாங்காது. சாதாரண பாலியஸ்டர் சட்டையில் வியர்வை தோலிலேயே தேங்கிப் பிசுபிசுப்பதற்கு இது ஒரு காரணம். ஆனால் விளையாட்டு உடைகளுக்கென்று செய்யும் பாலியஸ்டரில், இழையின் குறுக்குவெட்டில் பள்ளங்கள் விட்டு, நுண்குழாய்ப் பாய்ச்சலால், அதாவது நுண்ணிய இடுக்குகள் வழியே நீர் தானே ஊர்ந்து செல்வதால், வியர்வை துணி முழுக்கப் பரவும்படி செய்கிறார்கள். இழைக்குள் நீர் புகாததால் அது பருத்தியைவிட வெகு சீக்கிரம் காய்கிறது. ஓடும்போதும் மிதிவண்டி ஓட்டும்போதும், உடம்பின் மேல் காற்று வீசிக்கொண்டிருப்பதால், அது நன்றாகவே உதவுகிறது. உட்கார்ந்து வேலை பார்க்கும்போது அந்த உதவி குறைகிறது. மேலும் பாலியஸ்டர் தண்ணீரை விலக்கினாலும் எண்ணெய்ப்பசையை ஈர்த்து வைத்துக்கொள்ளும். உடல் வாடை அதில் தங்கிவிடுவதை, துவைத்த பிறகும் அக்குள் பகுதியை மோந்து பார்த்தால் உணரலாம். நாள் முழுக்க உடுத்துவதற்கு நான் அதை எடுப்பதில்லை. ஒரு மணிநேர உடற்பயிற்சிக்கு எடுக்கிறேன்.

நல்ல துணி கிடைத்தும் தையலில் கோட்டைவிட்டால் பயனில்லை. உடைக்குள் காற்று நகர்வதற்கு இரண்டு வழிகள் உண்டு. நடக்கும்போது தளர்வான துணி அலைந்து துருத்திபோல் காற்றை உள்ளே இழுத்து வெளியே தள்ளுகிறது. அசையாமல் இருக்கும்போது, உடம்பின் சூட்டில் இலேசான காற்று மேலே ஏறிக் கழுத்து வழியாக வெளியேற, கீழ் விளிம்பு வழியாகப் புதுக்காற்று வருகிறது. கழுத்துப் பொத்தானைப் போட்டு, சட்டையை இடுப்புக்குள் செருகி, வாரால் இறுக்கிவிட்டால் இரண்டு வாசல்களும் அடைபடுகின்றன. முறைப்படி செருகித்தான் ஆக வேண்டிய இடங்களில், கழுத்து அளவை அரை அங்குலம் கூடுதலாக வைத்துத் தைத்துக்கொள்வதும், அக்குள் வெட்டைச் சற்று இறக்கி விடுவதும் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தன. தையல்காரரிடம் அளவு கொடுக்கும்போது நேராக விறைத்து நிற்காமல், கையை முன்னால் நீட்டியும் உட்கார்ந்தும் ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். முதுகில் துணி இழுபட்டு ஒட்டுவது பாதி குறைந்துவிடும்.

கையின் நீளத்தைப் பற்றிப் பலருக்கும் ஒரு தயக்கம் இருக்கிறது. உடையின் வெப்பத்தடையை அளக்க 1941-ஆம் ஆண்டு காக்கி (Gagge), பர்ட்டன், பேசெட் என்ற மூன்று ஆய்வாளர்கள் 'குளோ' என்ற அலகை முன்வைத்தார்கள். முழு கோட்டுசூட்டு ஏறத்தாழ ஒரு குளோ. அந்த அளவில் முழுக்கால்சட்டையும் அரைக்கைச் சட்டையும் 0.57, அதே கால்சட்டையோடு முழுக்கைச் சட்டை 0.61, அரைக்கால்சட்டையும் அரைக்கைச் சட்டையும் 0.36. முழுக்கையால் கூடுவது 0.04 மட்டும்தான், முழுக்கால்சட்டையால் கூடுவது 0.21. எனவே வெயிலுக்கோ கொசுவுக்கோ பயந்து தளர்வான மெல்லிய முழுக்கை அணிபவர்கள் தயங்க வேண்டியதில்லை. குறைத்துக்கொள்ள முடியுமானால் குறைக்க வேண்டிய இடம் கால்தான். முடியாதவர்கள் தொடையிலும் முழங்காலிலும் பிடிக்காத அகலக் கால்சட்டையோ பாவாடையோ அணியலாம். காலோடு ஒட்டிய லெக்கிங்ஸும் இறுக்கமான ஜீன்ஸும் இந்தப் பருவத்துக்கு ஏற்றவை அல்ல என்பதில் எனக்கு ஐயமில்லை.

நிறம் வெயிலில் நிற்கும்போதுதான் முக்கியம். நிழலிலும் அறைக்குள்ளும் அதனால் பெரிய வேறுபாடு இல்லை. வெளியில்கூட, தளர்வான உடையில் நிறத்தின் பங்கு நாம் நினைப்பதைவிடக் குறைவு. பாலைவன வெயிலில் கறுப்பு அங்கியையும் வெள்ளை அங்கியையும் ஒப்பிட்டு 1980-இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு, கறுப்புத் துணி கூடுதலாக வாங்கிய வெப்பம் தோலை அடையும் முன்பே காற்றோடு போய்விட்டதால், உடம்பைச் சேர்ந்த வெப்பம் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தது என்று காட்டியது. அது வறண்ட இடம். ஆனால் தளர்வின் அருமையை அது நன்றாக எடுத்துக்காட்டுகிறது. வியர்வைக் கறை தெரிவதை எண்ணிக் கூசுபவர்கள் சாம்பல் நிறத்தையும் நடுத்தர நீலத்தையும் தவிர்த்து, வெள்ளையோ மிக அடர்ந்த நிறமோ சிறு அச்சுப் பூக்களோ எடுப்பது நல்லது. ஒரு எச்சரிக்கையும் உண்டு. மெல்லிய வெள்ளைத் துணி புறஊதாக் கதிரை அதிகம் தடுப்பதில்லை. சாதாரண வெள்ளைப் பருத்தி டி-ஷர்ட்டின் காப்பு எண் சுமார் 7 என்றால், நனைந்ததும் அது 3-க்கு இறங்கிவிடுகிறது. நெடுநேரம் வெயிலில் நிற்பவர்கள் குடையையோ நிழலையோ சேர்த்தே நாட வேண்டும்.

உள்ளாடையைப் பற்றிக் கூச்சமின்றி எழுத வேண்டும், ஏனெனில் புழுக்கத்தில் தோல் தொல்லைகள் தொடங்கும் இடம் அதுதான். வியர்வை நாளங்கள் அடைபட்டால் வியர்க்குரு வருகிறது. தொடையிடுக்கில் ஈரம் தங்கினால் படர்தாமரை பரவுகிறது. இடுப்பில் பட்டையாக அழுத்தும் எலாஸ்டிக், பிராவின் கீழ்ப்பட்டை, தொடையிடுக்கில் உரசும் தடித்த தையல் ஆகிய மூன்றையும் நான் வாங்கும் முன் விரலால் தடவிப் பார்க்கச் சொல்வேன். ஓரம் சற்றுத் தளர்வாக, உட்புறத் தையல் தட்டையாக, துணி மெல்லிய பருத்தியாகவோ, மரக்கூழிலிருந்து செய்யும் மோடலாகவோ இருந்தால் நல்லது. பனியன் அணிவதா வேண்டாமா என்றால், மேல்சட்டை மெல்லியதாக இருக்கும் வரை வேண்டாம் என்பேன். அது இன்னொரு அடுக்கு, அவ்வளவுதான். உடம்பு தெரியும் என்ற தயக்கம் இருந்தால் கையில்லாத மிக மெல்லிய ஒன்று போதும். நனைந்த உள்ளாடையை நண்பகலில் ஒருமுறை மாற்ற முடிந்தால், தோல் மருத்துவரிடம் போக வேண்டிய தேவை பெருமளவு குறையும்.

துவைப்பதிலும் கவனம் வேண்டும். துணியை மென்மையாக்கவென்று ஊற்றும் திரவம் இழைகளின் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்து உறிஞ்சும் திறனைக் குறைக்கிறது. பூந்துவாலைகளில் இதை எளிதாகக் கவனிக்கலாம். புழுக்கத்துக்கு அணியும் துணிகளுக்கு நான் அதை ஊற்றுவதை நிறுத்திவிட்டேன். காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் துணி காய்வதற்கு நேரமாகிறது. அந்த நேரத்தில்தான் ஈரவாடை வருகிறது. துவைத்தும் அழியாமல் துணியில் தங்கிவிடும் மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற நுண்ணுயிரி இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று 2012-இல் வெளியான ஆய்வு கண்டறிந்தது. காய்ந்த சட்டையை அணிந்து வியர்த்த பத்து நிமிடத்தில் நாற்றம் திரும்ப எழுவதும் இதனால்தான். துணிகளுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு, அறைக்குள்ளானால் மின்விசிறியை அவற்றின் மேல் திருப்பி, எவ்வளவு விரைவாக முடியுமோ அவ்வளவு விரைவாகக் காயவைப்பதே நான் கண்ட வழி. வாடை ஏறிவிட்ட பருத்தித் துணியை வெந்நீரில் அலசினால் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. முழுதாகக் காயாத துணியை மடித்து அலமாரியில் வைத்தால் சில நாட்களிலேயே கரும்புள்ளியாகப் பூஞ்சணம் பிடிக்கும். அந்தப் புள்ளி போவதில்லை.

அந்தத் தடித்த சட்டையை நான் தூக்கி எறியவில்லை. காற்று வறண்டு குளிரும் நாட்களில் அது நன்றாகவே இருக்கிறது. சட்டைகளையெல்லாம் எடை வாரியாகக் கம்பியில் மாட்டியிருக்கிறேன்: இடது ஓரத்தில் மிக மெல்லியது, வலது ஓரத்தில் அந்த 310 கிராம் சட்டை. காலையில் சன்னலைத் திறந்ததும் கைப்பிடியில் ஈரம் பிசுபிசுத்தால், இடது ஓரத்திலிருந்து இரண்டு சட்டைகளை எடுத்து, ஒன்றை அணிந்துகொண்டு மற்றொன்றைப் பையில் சுருட்டி வைக்கிறேன்.